பச்சையில் போனாலும் நடுவில் சிக்கினால்: திருகோணமலைச் சைக்கிள்காரருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலையில் கலர் லைட் உள்ள சந்திகள் குறைவு. வெறும் கோடு போட்ட கடவைகள்தான் எங்கும். அதனால் லைட் உள்ள இடத்துக்கு வந்ததும் "இனி லைட் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. சைக்கிளில் போகிறவருக்கு அந்த நிம்மதியில் பாதிதான் உண்மை. லைட்டுக்கு நேரம் வைக்கும்போது வழக்கமாக இரண்டு பேரைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். ஒருவர் மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனக்காரர். மற்றவர் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடக்கக்கூடிய, காலில் நோவில்லாத மனிதர். ரியூசன் முடிந்து பின்னால் தங்கையை ஏற்றிக்கொண்டு வரும் பிள்ளையும் மீன்பெட்டி கட்டிய சைக்கிளை மிதிக்கும் ஐயாவும் இந்த இரண்டிலும் சேர்த்தியில்லை.

உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன் அளவெடுக்கும் பகுதியை மட்டும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். இந்தச் சந்தி, அந்தச் சந்தி என்று நான் பெயர் சொல்லவில்லை. லைட்டின் நேரத்தை மாற்றுவது வீதியோரப் பெட்டியைத் திறந்து எண்ணை மாற்றுகிற வேலை. இன்று எழுதியது அடுத்த மாதம் பொய்யாகலாம்.

முதலில் அளவு

வேண்டியது ஒரு போனும் உங்கள் சைக்கிளும்தான்.

சந்தி ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் நின்று, உங்கள் பக்க லைட்டும் குறுக்கு வீதியின் லைட்டும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். இரண்டும் ஒன்றாக விழாவிட்டால் உங்கள் பக்க லைட்டையும் குறுக்கு வீதி வாகனங்கள் கிளம்பும் கோட்டையும் பிடித்தால் போதும். நான்கைந்து சுற்று ஓடவிட்டு, வீட்டில் ஆறுதலாக நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பச்சை எத்தனை செக்கன், மஞ்சள் எத்தனை செக்கன், உங்களுக்குச் சிவப்பு விழுந்ததிலிருந்து குறுக்கு வீதிக்குப் பச்சை வரும்வரை எத்தனை செக்கன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி எண்தான் முக்கியம். அந்த நேரத்தில் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும். உள்ளே மாட்டியவர் வெளியேறுவதற்காக விடும் இடைவெளி அது. சில இடங்களில் 2 செக்கன் இருக்கும், சில இடங்களில் கண் இமைத்தால் போய்விடும்.

இதையே காலை 7 மணிக்கு ஒருமுறையும் பிற்பகல் பள்ளி விடும் நேரம் ஒருமுறையும் இரவு ஒருமுறையும் எடுங்கள். எண்கள் ஒன்றாகவே இருந்தால் லைட் ஒரே நேர அட்டவணையில் ஓடுகிறது. நேரத்துக்கு நேரம் மாறினால் அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணைகள் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். முறைப்பாடு எழுதும்போது இது உதவும்.

அடுத்தது தூரம். அளவு நாடாவை ரோட்டில் விரித்து அடி வாங்க வேண்டாம், சைக்கிள் சில்லே அளவு நாடா. வீட்டு முற்றத்தில் காற்றடிக்கும் வால்வைக் கீழே வைத்து நிலத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். வால்வு மறுபடி கீழே வரும்வரை நேராக உருட்டி, இன்னொரு கோடு போட்டு இடைத்தூரத்தை அளவுங்கள். பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கு ஏறத்தாழ 2.2 மீற்றர் வரும். பிறகு விடியற்காலையில் வாகனம் இல்லாத நேரம் சந்திக்குப் போய், நிறுத்தற் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கம் குறுக்கு வீதி முடியும் விளிம்புவரை உருட்டிக்கொண்டு நடந்து, வால்வு எத்தனை தரம் கீழே வருகிறது என்று எண்ணுங்கள். 11 சுற்று என்றால் 24 மீற்றர். சைக்கிளின் பின்சில்லும் வெளியேற வேண்டுமே, அதற்கு இன்னும் 2 மீற்றர் சேருங்கள்.

பச்சையில்தான் நுழைந்தேன், நடுவில் போகும்போதே சிவப்பு

அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. பிழை உங்களிடம் இருக்க வேண்டும் என்றில்லை.

மேலே எடுத்த 26 மீற்றரையே வைத்துப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். அது இரண்டு செக்கனுக்குள் அக்கரைக்குப் போய்விடும். சாதாரணமாக மிதிக்கும் சைக்கிள் மணிக்கு 14 அல்லது 15 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 4 மீற்றர். அதற்கு ஆறரைச் செக்கன் வேண்டும். மஞ்சள் 3 செக்கன், எல்லாச் சிவப்பு 1 செக்கன் என்று வைத்தால் கிடைப்பது 4. பச்சையின் கடைசி நொடியில் நுழைந்தவர் சந்திக்குள் இருக்கும்போதே குறுக்கு வீதிக்குப் பச்சை விழுந்துவிடுகிறது. சட்டப்படி அவர் பச்சையில் போனவர்.

கணக்கு இன்னும் மோசமாகும் இடம் ஒன்று உண்டு. மஞ்சள் விழும்போது நீங்கள் கோட்டுக்கு 6 மீற்றர் முன்னால் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 4 மீற்றரில் வரும் சைக்கிள், மூளைக்கு எட்டி பிரேக் பிடித்து நிற்க காய்ந்த ரோட்டில் 7 மீற்றர் வரை எடுக்கும். ஆக, நிற்க முடியாது. போனால் 6 மீற்றரும் 26 மீற்றரும் சேர்ந்து 8 செக்கன். கையில் இருப்பதோ 4. அங்கே எந்த முடிவை எடுத்தாலும் பிழையாகத்தான் போகும். அதனால் முடிவை அதற்கு முன்னரே எடுக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் நாளாந்தம் ஆட்கள் அடிபடுவதில்லை? நின்ற வாகனம் பச்சை பார்த்து, கியர் போட்டு, கிளம்பி உங்களிடம் வந்து சேர இரண்டு மூன்று செக்கன் பிடிக்கும். உங்களை இதுவரை காத்தது அந்தத் தாமதம்தான். ஆனால் குறுக்கு வீதியில் தூரத்திலிருந்து ஓடிவந்துகொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளுக்குச் சரியாகப் பச்சை விழுந்தால் அவர் நிற்கவே தேவையில்லை. தாமதமும் இல்லை. எண் இறங்கும் பெட்டி வைத்த லைட்டில் இது இன்னும் கூடும். 3, 2 என்று வரும்போதே ஓட்டோக்கள் முன்சில்லைக் கோட்டுக்கு மேல் வைத்துவிடும்.

சரி, என்ன செய்வது?

பச்சை எப்போது விழுந்தது என்று பார்க்காமல் தூரத்திலிருந்து வருகிறீர்களா? அது பழைய பச்சை. எந்த நொடியும் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு ஒரு பஸ் நீளத்துக்கு முன்னரே மிதிப்பதை விட்டு, இரண்டு பிரேக்கிலும் விரலை வையுங்கள். அந்த இடத்துக்கு ஒரு அடையாளம் பிடித்துக்கொண்டால் லேசு. ஒரு மின்கம்பம், ஒரு கடையின் பெயர்ப்பலகை, கான் மூடி ஏதாவது. அடையாளத்துக்கு முன்னால் மஞ்சள் விழுந்தால் நில்லுங்கள். அதற்குப் பிறகு விழுந்தால் நிற்கப் பார்க்காமல் அழுத்தி மிதித்துப் போய்விடுங்கள். நடுவில் மனம் மாறி நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

உள்ளே இருக்கும்போது சிவப்பானால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. நாம் இடப்பக்கம் ஓடும் நாடு. குறுக்கு வீதியின் முதல் பாதியில் வாகனம் வருவது உங்கள் வலப்பக்கத்திலிருந்து. இரண்டாவது பாதியில் வருவது இடப்பக்கத்திலிருந்து. நீங்கள் தாமதமாக இருக்கும்போது அனேகமாக இரண்டாவது பாதியில்தான் இருப்பீர்கள். ஆகவே நடுவைத் தாண்டியதும் இடது பக்கம் பாருங்கள். சைக்கிள் ரோட்டின் இடது ஓரமாகவே போவதால் அந்தப் பக்கத்து நிறுத்தற் கோடு உங்களுக்குச் சில மீற்றர்தான். கிளம்பும் வாகனக்காரரின் கண்ணைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினால் பெரும்பாலானோர் பிரேக்கில் காலை வைப்பார்கள். மணி அடித்துப் பயனில்லை, எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

பாரம் கட்டியிருந்தால் மேலே சொன்ன எண்ணெல்லாம் மாறும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது மேற்கே மிதிப்பவருக்கு மணிக்கு 10 கிலோமீற்றர் வருவதே பாடு. அப்போது 26 மீற்றருக்கு 9 செக்கனுக்கு மேல் போகும். காலையில் காற்று கிளம்புமுன் ஆறரைச் செக்கனில் கடந்த அதே சந்தி, மத்தியானம் வீடு திரும்பும்போது ஒன்பது செக்கன் கேட்கும். லைட்டுக்குக் காற்று தெரியாது. இப்படியான நாளில் பழைய பச்சைக்கு ஆசைப்படாமல் அடுத்த பச்சைக்கு நிற்பதே நான் சொல்லும் ஒரே மருந்து.

சைக்கிளை உருட்டிக்கொண்டு கடக்கிறேன், பாதியில் பச்சை ஆள் மறைகிறார்

கணக்கு முன்போலத்தான், வேகம் மட்டும் குறைவு. நான்கு வரிசை ரோட்டின் அகலம் 14 மீற்றர் என்றால் 1.2 மீற்றர் வேகத்தில் 12 செக்கனுக்குள் கடக்கலாம். ஒரு கையால் ஹாண்டிலையும் மறுகையால் கரியரில் இருக்கும் அரிசிப் பையையும் பிடித்துக்கொண்டு நடப்பவர் அந்த வேகத்தில் போகமாட்டார். 0.9 மீற்றர் என்று வையுங்கள், பதினைந்தரைச் செக்கன் வரும். நடைபாதை ஓரக் கல்லிலிருந்து ரோட்டுக்குச் சில்லை இறக்கி, அக்கரையில் தூக்கி ஏற்றவும் நேரம் போகும்.

பச்சை ஆள், அதாவது நடப்பவருக்கான லைட்டில் தெரியும் பச்சை உருவம், மின்னத் தொடங்கினால் "ஓடு" என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பவர் முடியுங்கள், வெளியே இருப்பவர் இறங்காதீர்கள் என்று அர்த்தம். பச்சை ஆள் வந்த முதல் செக்கனிலேயே கிளம்பத் தயாராக நில்லுங்கள். அடுத்தவருக்குப் பின்னால் வரிசையில் நின்றால் உங்கள் நேரத்தில் மூன்று நான்கு செக்கன் அங்கேயே போய்விடும். நடுவில் திட்டு இருந்தால் ரோட்டை இரண்டாகப் பிரித்துக் கடக்கலாம், ஆனால் முதலில் திட்டின் அகலத்தைப் பாருங்கள். சைக்கிள் ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளம். ஒடுக்கமான திட்டில் நேரே நின்றால் முன்சில்லோ பின்சில்லோ வாகனப் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஹாண்டிலை ஒடித்துத் திட்டின் நீளவாக்கில் நிறுத்துங்கள்.

உருட்ட அலுப்பு, ஏறி மிதித்தே கடவையில் கடந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நேரம் மிச்சம் என்பது உண்மை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாகனக்காரர் கடவையின் ஓரத்தைப் பார்த்து "யாரும் இல்லை" என்று முடிவெடுத்து இரண்டு செக்கனில் நடப்பவர் இரண்டரை மீற்றர்தான் வந்திருப்பார். சைக்கிள் 8 மீற்றர் வந்துவிடும். அவர் பார்த்த இடத்தில் நீங்கள் இருக்கவே இல்லை. இறங்கி உருட்டினால் நீங்களும் நடப்பவர், கடவையில் நடப்பவருக்குத்தான் முதலிடம். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்வதைவிட ஒருமுறை சந்தி ஓரத்தில் நிறுத்திக் காட்டினால் போதும்.

எனக்கும் பச்சை, இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸுக்கும் பச்சை

இது லைட் பழுதாகி வருவதில்லை. நேரே போகிறவருக்கும் திரும்புகிறவருக்கும் சேர்த்து ஒரே பச்சை கொடுத்தால் வந்தே தீரும். நேரே போகும் சைக்கிளுக்கும் பச்சை ஆளைப் பார்த்து ரோட்டில் இறங்கும் நடப்பவருக்கும் அது ஒரே பஸ்தான்.

பஸ்ஸோ டிப்பரோ இடப்பக்கம் திரும்பும்போது முன்சில்லு போன வழியில் பின்சில்லு போகாது, மூலையை வெட்டி உள்ளே வரும். பஸ்ஸுக்கும் கல்லுக்கும் இடையில் நிற்கும் சைக்கிள் அந்த மூலையில்தான் மாட்டும். ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடம் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அவர் அந்த நேரம் வலப்பக்கத்து வாகனத்தைத்தான் பார்ப்பார்.

சிவப்பில் நிற்கும்போதே இதைத் தீர்த்துக்கொள்ளலாம். பெரிய வாகனத்தின் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். ஒன்று, அதன் பின்னால் நில்லுங்கள். இல்லாவிட்டால் அதற்கு நன்றாக முன்னால், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி உங்கள் தலையைப் பார்க்கிற இடத்தில் நில்லுங்கள். வந்து சேரும்போது பஸ் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால் இடது இடைவெளியால் புகுந்து முன்னால் போவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. அதைச் செய்வதானால் பச்சை விழ நிறைய நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். பாதியில் பச்சை விழுந்தால் நீங்கள் நிற்பது சரியாகப் பின்சில்லுக்குப் பக்கத்தில்.

இன்னொரு வழியும் கைகொடுக்கும். முன்கதவில் நிற்கும் கண்டக்டரைப் பாருங்கள். பஸ்ஸின் இடது கண் அவர்தான். அவர் கையை வெளியே நீட்டித் தட்டினாலோ "இடம், இடம்" என்று கத்தினாலோ பஸ் திரும்பப் போகிறது, சிக்னல் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். "அண்ணே, நேரே போறன்" என்று ஒரு குரல் கொடுத்தால் அவரே ஓட்டுநருக்குச் சொல்லிவிடுவார். ஒரு வார்த்தைக்குச் செலவு ஒன்றுமில்லை.

நீங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நடு வரிசைக்குப் போய் எதிர்வரும் வாகனங்களுக்கு நடுவில் சந்து தேட வேண்டாம். நேரே கடந்து எதிர்ப்பக்க இடது மூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி, குறுக்கு வீதியின் பச்சையோடு போங்கள். கொஞ்ச நேரம் கூடுதலாகச் செலவாகும். மூட்டு நல்லாயிருந்தால் இறங்கி இரண்டு கடவையிலும் உருட்டலாம், நேரம் ஏறத்தாழ ஒன்றுதான்.

இதற்கு நிரந்தரத் தீர்வு லைட்டிலேயே இருக்கிறது. வாகனங்களுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 செக்கன் முன்னதாகவே நடப்பவருக்குப் பச்சை ஆளை விட்டுவிடுவது. பஸ் கிளம்பும்போது ஆட்கள் ஏற்கெனவே கடவை நடுவில், கண்ணுக்கு முன்னால் இருப்பார்கள். புது லைட் வாங்கத் தேவையில்லை, நேர அட்டவணையில் மாற்றினால் போதும். நான் முறைப்பாடு எழுதினால் இதைத்தான் முதல் வரியில் கேட்பேன்.

பொத்தானை அமத்தினேன், மாறவில்லை

ஒருமுறை அமத்தினால் பதிவாகிவிடும். பத்துமுறை அமத்தினாலும் பத்துமடங்கு விரைவாக வராது. சிறு விளக்கு எரியும் வகையானால் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பொத்தான் செத்திருக்கலாம். இரண்டு முழுச் சுற்று போயும் பச்சை ஆள் வராவிட்டால் பழுதுதான். எதிர்ப்பக்கப் பொத்தானையும் ஒருமுறை முயன்று பாருங்கள். பின்னர் முறைப்பாட்டில் எந்தப் பக்கத்துப் பொத்தான் என்று எழுதுங்கள்.

ரோட்டில் சதுரமாக வெட்டித் தார் நிரப்பிய கோடுகள் தெரிந்தால் அடியில் கம்பிச் சுருள் இருக்கலாம். அது எடையை உணர்வதில்லை, மேலே நிற்கும் உலோகத்தை உணர்கிறது. சைக்கிளின் இரண்டு சில்லையும் அந்த வெட்டுக் கோட்டின் மேலேயே நேராக நிறுத்துங்கள். சதுரத்தின் நடுவில் நின்றால் சில வேளை கண்டுகொள்ளாது.

காலையில் லைட்டின் நிறமே தெரியவில்லை

கிழக்கே கடல் உள்ள ஊரில் காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கடற்கரைப் பக்கம் மிதிப்பவருக்குக் காலையிலும், அனுராதபுரச் சந்திப் பக்கம் திரும்பிப் போகிறவருக்கு மாலையிலும் இந்தத் தொல்லை. லைட்டுக்குப் பின்னால் சூரியன் நிற்கும்போது மூன்று விளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். இன்னொரு பக்கம், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து லைட்டின் கண்ணாடியில் பட்டால் எரியாத விளக்கும் எரிவதுபோல் தெரியும். இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் தெரியவில்லை என்பதே தெரியாது.

நிறம் தெரியாவிட்டால் சிவப்பு என்று வைத்து வேகத்தைக் குறையுங்கள். தொப்பியின் முன்விளிம்பு பெரிய உதவி. பக்கத்து வாகனம் நிற்கிறதா, போகிறதா என்று பார்க்கலாம், ஆனால் அவருக்கும் அதே வெயில்தான் என்பதை நினைவில் வையுங்கள். லைட்டின் பின்னால் கறுப்புப் பலகை, மேலே நிழல் தரும் கூடு, பழைய குமிழுக்குப் பதில் எல்இடி என்று இவற்றைக் கேட்டு எழுதலாம். மரக்கிளையோ விளம்பரப் பதாகையோ மறைத்தால் அதை வெட்டச் சொல்வது இன்னும் லேசு.

மழைக் காலத்தில் மட்டும் சறுக்குகிறது

கார்த்திகை, மார்கழியில் வாடைமழை பிடித்தால் கடவையின் வர்ணக் கோடு சவர்க்காரம்தான். ரிம்மில் பிடிக்கும் பிரேக் கட்டையும் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குத் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கும். காய்ந்த ரோட்டில் 7 மீற்றர் கேட்ட சைக்கிள் நனைந்தால் 10 மீற்றர் கேட்கும். ஆகவே மழைக்காலத்தில் அடையாளத்தைக் கோட்டிலிருந்து இன்னும் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் பிரேக் பிடிக்க வேண்டாம், ஹாண்டிலைத் திருப்பவும் வேண்டாம். கோட்டுக்கு முன்னரே பிடித்து முடித்துவிட்டு நேராக உருளவிடுங்கள். கடற்கரையோர ரோட்டில் மணல் படிந்திருந்தாலும் இதேதான்.

யாரும் இல்லாத நேரத்திலும் சிவப்பு நீள்கிறது

சுற்று 2 நிமிடம்வரை போகும் சந்தியில் இரவு 9 மணிக்கு நின்றால் மனிதனுக்குப் பொறுமை போகும். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடித்து உங்களையும் தள்ளுவார். தள்ளப்படாதீர்கள். அடிபட்டால் பிழை யாருடையது என்று பார்க்கும்போது ஹோர்ன் அடித்தவர் அங்கே இருக்கமாட்டார். அவசரமென்றால் இறங்கி, ஓரத்துக்கு வந்து, நடப்பவராகப் பார்த்துக் கடக்கலாம். இரவில் முன்னால் வெள்ளை லைட்டும் பின்னால் சிவப்பு லைட்டும் இல்லாமல் லைட்டின் நேரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

லைட்டே அணைந்துவிட்டது, அல்லது மஞ்சள் மட்டும் மின்னுகிறது

அப்போது அது சாதாரணச் சந்தி. பொலிசார் நின்றால் அவர் கைதான் லைட். இல்லாவிட்டால் எல்லோரும் தமக்கே முதலிடம் என்று நினைப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு இறங்கிக் கடப்பதே நல்லது. இங்கும் லைட் இல்லாத மற்றக் கடவைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் வரிசை வாகனம் மரியாதையாக நின்று வழிவிடும், அதன் மறைவில் இரண்டாவது வரிசை வாகனம் நிற்காமல் வரும். நின்ற வாகனத்தின் முன்மூக்கு முடியும் இடத்தில் நின்று, தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

கோட்டைப் பக்கம் மாலையில் மான்கள் ரோட்டைக் கடப்பது ஊருக்குப் பழக்கம். அவற்றுக்காக வாகனக்காரர் திடீரென்று பிரேக் பிடிப்பார், பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் மோதுவது நீங்கள்தான்.

திருத்தக் கேட்பது எப்படி

"லைட் சரியில்லை" என்று எழுதினால் ஒருவர் வந்து பார்ப்பார், மூன்று நிறமும் எரியும், போய்விடுவார். எண்ணோடு எழுதுங்கள். எந்தச் சந்தி, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எத்தனை மணிக்கு, மஞ்சள் எத்தனை செக்கன், எல்லாச் சிவப்பு எத்தனை செக்கன், கடக்கும் தூரம் எத்தனை மீற்றர், சைக்கிளுக்குத் தேவை எத்தனை செக்கன், குறைவு எத்தனை செக்கன். வீடியோ உங்களிடம் இருப்பதையும் சொல்லுங்கள்.

யாருக்கு என்பது ரோட்டைப் பொறுத்தது. ஏ6, ஏ12, ஏ15 போன்ற ஏ வீதிகளும் பி வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மற்றவை உள்ளூராட்சி மன்றத்துக்கு. மாகாண சபை நம் ஊரிலேயே இருப்பதால் நேரில் போய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளலாம். போக்குவரத்துப் பொலிஸுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடமானால் பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்துக்கு எடை கூட.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "இந்தச் சந்தியின் சமிக்ஞை நேர அட்டவணையின் பிரதி வேண்டும், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது" என்று தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். அட்டவணை கைக்கு வந்தால் உங்கள் வீடியோ எண்ணோடு ஒப்பிடுங்கள். தாளில் 2 செக்கன் எல்லாச் சிவப்பு இருந்து ரோட்டில் இல்லாவிட்டால் அது பராமரிப்புக் குறை, சீக்கிரம் தீரும். தாளிலேயே இல்லாவிட்டால் வடிவமைப்பை மாற்றக் கேட்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும்.

கேட்பதையும் அளவோடு கேளுங்கள். நான்கு முறை மாறும் லைட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 2 செக்கன் கூட்டினால் சுற்றுக்கு 8 செக்கன் கூடும், எல்லோரும் அவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று பொறியியலாளர் சொல்வார். அவர் சொல்வது நியாயம்தான். எல்லாச் சிவப்பை அளவுக்கு மீறி நீட்டினால் வாகனக்காரர்களும் அதைக் கற்றுக்கொண்டு மஞ்சளுக்குப் பிறகும் ஓடத் தொடங்குவார்கள். ஆகவே அகலமான திசைக்கு மட்டும் ஒரு செக்கன், அதுவும் பள்ளி தொடங்கும், முடியும் நேர அட்டவணைக்கு மட்டும் என்று கேட்டால் மறுக்கக் காரணம் குறைவு. மாற்றிவிட்டோம் என்று பதில் வந்ததும் மறுபடி போனோடு போய் நான்கைந்து சுற்று எடுங்கள். காலை அட்டவணை மாறிப் பிற்பகல் அட்டவணை பழையபடியே இருந்தால் அடுத்த கடிதத்தில் அந்த நேரத்தை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள்.